பழச் சில்லரில் ஆறு பெட்டி ஒயின்

திராட்சையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்தே என் இருபத்தெட்டு வயது வரை போனது. கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டியிருக்கிறேன். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்திருக்கிறேன். அறுத்த குலைகளைப் பெட்டியில் அடுக்கி, லாரி வராமல் பாதி அழுகிப்போனதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பந்தல் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. கழுத்து வலிதான் மிச்சம். விட்டுவிட்டு வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் தெரிந்தது தெரிந்ததுதானே.

இப்போது அமீரகத்தில், புஜைராவில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஸ்டோர் ரிசீவிங் வேலை. ஹோட்டலுக்குள் வரும் எல்லாமும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மீன், கறி, தக்காளி, பால், பாட்டில். சூடு பார்ப்பேன், எடை பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். சரியில்லை என்றால் லாரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். லாரிக்காரர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. திட்டட்டும். விருந்தாளிகளுக்குக் கடல் தெரியும், கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். எனக்குச் சரக்கு லாரி வந்து நிற்கும் லோடிங் பேயும், அதற்குப் பின்னால் மொட்டை மலையும் தெரியும். அது போதும்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலிவ் பாட்டிலில் நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்று இருந்திருக்கிறது. அவர் பார்க்காமல் உள்ளே விட்டுவிட்டார். ஒரு விருந்தாளியின் சாலடில் அது கிடைத்தது. அவ்வளவுதான், ஒரே வாரத்தில் ஆள் விமானத்தில். அதனால் நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள்: கண்ணாடி என்றால் யோசிக்காதே, ஒதுக்கு, போட்டோ எடு, எழுது. அதை அப்படியே மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

ஒயின் பாட்டில்களை ஆயிரக்கணக்கில் கையில் தொட்டிருக்கிறேன். ஒரு சொட்டு குடித்ததில்லை. ஸ்டோரில் இருப்பவன் சரக்கை ருசி பார்த்தால் வேலை போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, திராட்சையில் இருந்து வரும் எதன் மேலும் எனக்கு அப்போது ஆசை இல்லை.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு லெபனான் பெண். எங்கள் ஹோட்டலில் இருக்கும் அரபு ரெஸ்டாரெண்டில் பானங்களைக் கவனித்துக்கொள்வது அவள்தான். முப்பது வயது இருக்கும். தட்டு தூக்கும் வேலையில் சேர்ந்து, பானங்களின் பொறுப்பு வரை வந்திருந்தாள். அதுவும் சோதனைக் காலம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ரெஸ்டாரெண்டின் ஒயின் பட்டியலில் பிரான்ஸ் இருந்தது, இத்தாலி இருந்தது. "சாப்பாடு எங்கள் நாட்டுச் சாப்பாடு. ஒயின் மட்டும் ஏன் எங்கேயோ இருந்து வருகிறது?" என்று மேனேஜரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஆறு பெட்டி வரவழைக்கலாம். ஒரு வியாழக்கிழமை விருந்தில் ஊற்றிப் பார்க்கலாம். நன்றாகப் போனால் பட்டியலில் ஒயினும் நிற்கும், பொறுப்பில் அவளும் நிற்பாள். இல்லையென்றால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, பழையபடி தட்டு தூக்கப் போகலாம்.

இதை அவளே என்னிடம் சொன்னாள், ஜூலையில், ஆர்டர் தாளை நீட்டிக்கொண்டே. நாங்கள் பேசிக்கொள்வது உடைந்த இங்கிலீஷில்தான். நடுவில் அவளுடைய அரபியும் என்னுடைய தமிழும் வந்து விழும். எழுதும்போது என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மெர்வா," என்றாள். "வெள்ளைத் திராட்சை. எங்க மலையிலயே பிறந்தது. வெளியில இருந்து யாரும் கொண்டாந்து நடல."

"எத்தனை வருஷத்துக் கொடி?"

"தெரியாது. எங்க தாத்தாவோட தாத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்பவே பழைய கொடியாம்."

"ஏம்மா, யார்கிட்ட விடுறே கதை? எங்க ஊர்ல பதினஞ்சு வருஷத்துல கொடி ஓஞ்சிரும். புடுங்கிப் போட்டுட்டு வேற நடுவோம்."

அவள் போனை எடுத்துப் படம் காட்டினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அது தோட்டமே இல்லை. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிகள். படிகளில் வெறும் கல்லும் காய்ந்த புல்லும். நடுவில் பாம்பு செத்துக் கிடப்பதுபோல முறுக்கிக்கொண்டு மரக்கட்டைகள். பந்தல் இல்லை, கல் தூண் இல்லை, கம்பி இல்லை. கொடி அதுபாட்டுக்குத் தரையில் கிடந்தது.

"தண்ணி எங்கிட்டு இருந்து வருது?"

"வராது. குளிர் காலத்துல பனி விழும். அது உருகி மண்ணுக்குள்ள போறதுதான்."

"சொட்டுநீர்கூட இல்லையா?"

"மாஃபி. கிடையாது."

"மருந்து எத்தனை தடவை?"

"கந்தகம் ஒருதரம், ரெண்டுதரம். அவ்வளவுதான்."

நம்பவில்லை. பொய் சொல்லுகிறாள், இல்லையென்றால் தோட்டத்துப் பக்கமே போகாதவள் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. அங்கேயே நின்று ஊரில் இருக்கும் தன் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் அந்தச் சரிவிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கவாத்துக் கத்தரி. அது மட்டும் எனக்குத் தெரிந்த சாமான். நான் கேட்கக் கேட்க அவள் அரபியில் கேட்டுச் சொன்னாள். வேர் எவ்வளவு ஆழம் போகும்? யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. ஒரு கொடிக்கு எத்தனை குலை? சில வருஷம் நாலைந்துதான். பிறகு எதற்கு வைத்திருக்கிறீர்கள்? அதற்கு அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார்.

"உங்க ஊர்ல வருஷத்துக்கு எத்தனை அறுவடைன்னு கேக்கறான்," என்றாள்.

"ரெண்டு வருஷத்துல அஞ்சு வெட்டு வெட்டுவோம்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"அப்ப அந்தக் கொடி எப்பத்தான் தூங்கும்னு கேக்கறான்."

கொடி தூங்கும் என்பதே எனக்குப் புதிது. எங்களைப் பொறுத்தவரை கவாத்து வெட்டிய மறுநாளில் இருந்து அடுத்த வேலை தொடங்கிவிடும். அன்றைக்கு ரூமுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்தச் செத்த பாம்புக் கட்டைகள்தான் கண்ணுக்குள் நின்றன. தண்ணீர் இல்லாமல் எப்படி? பந்தல் இல்லாமல் எப்படி? அதில் இருந்து வரும் சாறு எப்படி இருக்கும்? இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரு திராட்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

ஆகஸ்டில் அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போனாள். அவள் போன மூன்றாம் நாள் மதியம் ஆறு பெட்டியும் வந்து இறங்கின. வெளியே நிற்க முடியாத வெயில். பெட்டியைத் தொட்டேன், அட்டை சுட்டது. ஒயினுக்கென்று தனி அறை உண்டு. பதின்மூன்று டிகிரியில் இருக்கும். அதன் சாவி பாரில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

நான் கேட்கவில்லை. பாரில் இருக்கும் பையன்களுக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. அறுத்த திராட்சையை எங்கே வைப்போம்? பூஜ்யம், ஒரு டிகிரி குளிரில். ஒரு நாள் வெயிலில் விட்டால் காம்பு காய்ந்துவிடும், பழம் உதிர்ந்துவிடும். இத்தனை தூரம் வந்திருக்கிறது, அதுவும் வெயிலில் வெந்துபோய் வந்திருக்கிறது. இதற்குப் பதின்மூன்று டிகிரி எந்த மூலைக்கு? பழங்களை வைக்கும் குளிர் அறை, பழச் சில்லர், அதைத் திறந்து, இத்தாலியில் இருந்து வந்த திராட்சைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஆறையும் அடுக்கினேன். ஒரு டிகிரி. நல்ல காரியம் செய்த திருப்தியோடு கதவைச் சாத்தினேன். பதினாறு நாள் அங்கேயே இருந்தன.

அவள் திங்கட்கிழமை ராத்திரி விமானத்தில் திரும்பி வருவதாக இருந்தது. விருந்து வியாழன். வந்ததும் ருசி பார்க்க அவளுக்கு இரண்டு பாட்டில் தேவைப்படும் என்று, செவ்வாய் விடிந்ததுமே நான் ஒரு பெட்டியைப் பிரித்தேன். பாட்டில் ஒன்றை லோடிங் பே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

அடியில் ஏதோ மினுங்கியது.

சாய்த்தேன். சின்னச் சின்னச் சில்லுகள். வெள்ளையாக, ஓரம் கூர்மையாக, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று. மெதுவாக உருண்டு கழுத்துப் பக்கம் வந்தன. இன்னொரு பாட்டிலை எடுத்தேன். அதிலும். மூன்றாவதில் தக்கையின் அடியில் ஒட்டிக்கொண்டே இருந்தன. எனக்கு முன்னால் இருந்தவரின் ஆலிவ் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

யோசிக்காதே, ஒதுக்கு, போட்டோ எடு, எழுது. அப்படியே செய்தேன். ஆறு பெட்டியையும் வெளியே இழுத்துச் சிவப்பு அட்டை கட்டினேன். போட்டோவோடு மேனேஜர், பர்ச்சேஸ், சுகாதார அதிகாரி மூன்று பேருக்கும் மெயில் அனுப்பினேன். ஒயினில் கண்ணாடி, ஆறு பெட்டி, பயன்படுத்தக் கூடாது. அரை மணி நேரத்தில் மேனேஜரின் பதில் வந்தது. இன்று மூன்று மணிக்குக் கொட்டி அழிக்கவும். பானப் பிரிவு ஊற்றும், சுகாதாரப் பிரிவு கையெழுத்துப் போடும். வியாழன் விருந்துக்கு வழக்கமான இத்தாலி ஒயின். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

பானப் பிரிவு என்றால் அவள்தான். அவளுடைய ஒயினை அவளே ஊற்ற வேண்டும்.

பத்து மணிக்கு வந்தாள். தூங்காத கண். மெயிலைப் படித்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள். ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது கண்ணாடி இல்ல."

"அப்ப என்னா, கல்கண்டா?"

"இது திராட்சையில இருந்து வர்றது. உள்ளேயே இருக்கும். ரொம்பக் குளிர்ந்தா இப்படிப் பிரிஞ்சு அடியில நிக்கும். பெரிய கம்பெனிக்காரங்க முன்னாடியே குளிர வச்சு வடிகட்டிருவாங்க. எங்க ஊர்ல அப்படிச் செய்யறதில்ல."

"இந்தா பாரும்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து திராட்சை அறுத்தவன் நானு. திராட்சைக்குள்ள கொட்டை இருக்கும். கல்லு இருக்காது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வச்சிருந்தீங்க?"

"சில்லர்ல."

"எந்தச் சில்லர்?"

என் கண் தானாகப் பழச் சில்லர் பக்கம் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். கதவில் சிவப்பு எண்ணில் ஒன்று என்று எரிந்துகொண்டிருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். அவள் கத்தவில்லை.

"மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லேன்," என்றேன்.

"சொல்லிட்டுத்தான் வர்றேன். உன் ஊர் ஒயினு, நீ அப்படித்தான் சொல்லுவேங்கறார். கலாஸ், முடிஞ்சுது." பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. முட்டை லாரிக்காரனைக் காரணமில்லாமல் திட்டினேன். தப்பு செய்தோம் என்று அப்போது தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தோன்றியது ஒரே கேள்விதான். குளிர்ந்தால் பிரியும் என்கிறாளே, என்ன பிரியும்? பன்னீர் திராட்சையைச் செங்காயாக அறுத்துத் தின்றால் பல் கூசும். அந்தப் புளிப்பு எங்கே இருக்கிறது? சாறுக்குள்தானே கரைந்திருக்கிறது? சர்க்கரைப் பாகு ஆறினால் அடியில் கட்டுகிறது. புளிப்பும் அப்படிக் கட்டுமா? அறுத்தோம், விற்றோம். சாறாக்கி மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தது கிடையாது. திராட்சை பெட்டியில் ஏறியதோடு எனக்குத் தெரிந்தது முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு அது என்ன ஆகும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. இது உறைத்தபோது மணி ஒன்று.

அப்படிக் கட்டியதென்றால் சூட்டில் கரைய வேண்டும். கண்ணாடி கரையாது. பார்த்துவிடுவோம்.

சுகாதார அதிகாரி யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. மேசையில் உட்கார்ந்து அழிப்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊழியர் மெஸ்ஸுக்குப் போனேன். அவன் முன்னாலேயே ஒரு பாட்டிலைத் திறந்து, ஒயினை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அடியில் நின்ற சில்லுகளைக் காகிதத்தில் தட்டினேன். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ பாய்லரில் இருந்து கொதிக்கும் தண்ணீர் பிடித்தேன். ஒன்றில் சில்லுகளைப் போட்டேன். இன்னொன்றில், உடைந்த கிளாஸ் போடும் தொட்டியில் இருந்து எடுத்த கண்ணாடித் தூளைப் போட்டேன்.

"அண்ணை, இதென்ன விசர் வேலை? ஆரும் வந்து பாத்தா என்ரை வேலையும் போகும்."

"சும்மா இருப்பா. கலக்கு."

"நான் ஏன் கலக்கிறது? கண்ணாடி எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

நானே ஸ்பூனால் கலக்கினேன். கண்ணாடி டம்ளரில் கிர் கிர் என்று சத்தம். மற்றதில் முதலில் கொஞ்சம் சத்தம் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு இல்லை. இரண்டு பேரும் தலை முட்டிக்கொள்ளக் குனிந்து பார்த்தோம். டம்ளரின் அடி தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"போயிட்டுது," என்றான் அவன்.

காகிதத்தில் இன்னும் இரண்டு சில்லு மிச்சம் இருந்தது. ஒன்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்தேன்.

"ஐயோ, வாயிலை வைக்காதேங்கோ! பிறகு என்ரை ரிப்போட்டிலை உங்களையும் எழுத வேண்டி வரும்!"

வைத்துவிட்டேன். பல்லுக்கு இடையில் மணலாக நறநறத்தது. பிறகு புளித்தது. எலுமிச்சைப் புளிப்பு இல்லை. புளியங்காயைக் கடித்தால் தாடையின் ஓரத்தில் இழுக்குமே, அந்தப் புளிப்பு. கரைந்து ஒன்றும் இல்லாமல் போனது. எத்தனையோ கோடை திராட்சைக்குள்ளேயே கிடந்தவனுக்கு, திராட்சையின் புளிப்பை இப்படிக் கல்லாக, தனியாக, முதல்முறை தின்னக் கொடுத்தது யாரோ ஒருத்தருடைய மலை.

"கண்ணாடி இல்லப்பா. அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடு."

"அப்பிடிக் கிழிக்கேலாது, அண்ணை. நீங்கள் எழுத்திலை தந்ததை நீங்கள்தான் எழுத்திலை மாத்தோணும். என்னெண்டு இது வந்தது எண்டும் எழுதோணும். எங்கை வைச்சனீங்கள்?"

"பழச் சில்லர்ல."

"எத்தினை டிகிரி?"

"ஒண்ணு."

அவன் பேனாவை மூடினான். "ஒயினை ஒயின் அறையிலை வைக்கிறது உங்கடை ரூல் புத்தகத்திலையே கிடக்கு. அதை எழுதினா உங்களுக்கு வில்லங்கம். எழுதாட்டி நான் நிப்பாட்டேலாது. யோசியுங்கோ. மூண்டு மணிக்கு வாறன்."

யோசித்தேன். பெரிய மனுஷன் மாதிரி உடனே போய் எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு துண்டு கண்ணாடிக்குப் போனார். நான் ஆறு பெட்டியைக் கெடுத்தவன் என்று ஆகிவிட்டால்? அவளுக்கு என்ன, தட்டு தூக்கும் வேலை இருக்கும். எனக்கு? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மெயிலைத் திறந்து இரண்டு தடவை மூடினேன்.

மூன்று மணிக்கு லோடிங் பேயின் ஓரத்தில் இருக்கும் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கினார்கள். அவள் சீருடையில் வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முதல் பாட்டிலைத் திறந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் அதன் வாயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கவிழ்த்தாள். மஞ்சள் வெளிச்சம்போல ஓடியது. இரண்டாவது பாட்டில். அதையும் முகர்ந்தாள், கவிழ்த்தாள். கொட்டப்போகிற பாட்டிலை எதற்கு முகர வேண்டும்? மூன்றாவதையும் முகர்ந்தாள்.

நான் நாள் முழுக்கச் செய்கிற வேலை அது. வருகிற சரக்கை முகர்ந்து, இது நல்லதா கெட்டதா என்று சொல்லுகிற வேலை. இந்த ஒயினை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் முகர்ந்து, நல்லது என்று தெரிந்து, கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து!" என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்போல, மீன் லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான். "கலாஸ், நிறுத்தும்மா. ரெண்டு நிமிஷம்."

நின்ற இடத்திலேயே போனில் எழுதினேன். என் இங்கிலீஷ் என் முகத்தைப் போலத்தான், அலங்காரம் இருக்காது. காலையில் நான் எழுதியது தப்பு. அது கண்ணாடி இல்லை, திராட்சையின் புளிப்பு. வெந்நீரில் கரைகிறது, சுகாதார அதிகாரி பார்த்தார். ஒயின் அறையில் வைக்காமல் நான் பழச் சில்லரில் ஒரு டிகிரியில் பதினாறு நாள் வைத்ததால் வந்தது. ஒயின் மேல் தப்பு இல்லை, கொண்டுவந்தவள் மேலும் இல்லை. வேண்டுமென்றால் வந்து பாருங்கள், டம்ளர் வைத்திருக்கிறேன்.

அனுப்பிவிட்டு யாழ்ப்பாணத்துப் பையனிடம் போனைக் காட்டினேன். அவன் படித்தான். "கடைசி வரி தேவையில்லை, அண்ணை," என்றான். "ஆனா பறவாயில்லை." படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மேனேஜர் பத்து நிமிடத்தில் கீழே வந்தார். அவர் கீழே வருவதே அபூர்வம். டம்ளர் வேலையை அவர் முன்னால் மறுபடி செய்தேன். குனிந்து பார்த்தார். பிறகு அவளைக் கேட்டார், இதை விருந்தாளி பார்த்தால் என்ன சொல்லுவாய் என்று. "பார்க்க மாட்டாங்க," என்றாள். "ரெண்டு நாள் நிறுத்தி வைப்பேன். எல்லாம் அடியில உட்கார்ந்திரும். கடைசி ரெண்டு விரல் அளவை ஊத்த மாட்டேன். யாராவது பாத்துட்டாலும் சொல்லுவேன், இது வடிகட்டாத மலை ஒயின், இதுதான் அடையாளம்னு." அவர் தொட்டியையும் காலி பாட்டில்களையும் பார்த்தார். சரி, வியாழன் நடக்கட்டும் என்றார். என் பக்கம் திரும்பி, நீ நாளைக் காலை என் அறைக்கு வா என்றார்.

போனேன். வார்னிங் லெட்டர். காரணம் என்ற இடத்தில், ஒயினைப் பழங்களோடு வைத்தது என்று எழுதியிருந்தது. உண்மைதானே. கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவை நடந்தால் ஊருக்கு என்றார். நடக்காது என்றேன்.

வியாழன் விருந்துக்கு நான் போக முடியாது, எனக்கு அங்கே வேலையும் இல்லை. மறுநாள் காலை அவள் ஸ்டோருக்கு வந்தாள். மேனேஜரின் கையெழுத்தோடு ஒரு தாள் வைத்திருந்தாள். ஸ்டோர் ஊழியருக்கு ருசிப் பயிற்சி, டியூட்டி முடிந்த பிறகு, ஒரு கிளாஸ். அது அவள் கேட்டு வாங்கியது.

"எப்படிப் போச்சு?" என்றேன்.

"ரெண்டு மேசையில இத்தாலி ஒயினை வேணாம்னுட்டு இதைக் கேட்டாங்க. ஒரு கிழவர் எழுந்து வந்து, இது எந்த மலைன்னு கேட்டார். பட்டியல்ல போட்டாச்சு." பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "தட்டு தூக்கறதுக்கு வேற ஆள் எடுக்கறாங்களாம்."

சாயங்காலம் டியூட்டி முடிந்து, அவள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் புளிப்பு வந்தது, தாடை ஓரத்தில். பழைய தேன் வாசம் கொஞ்சம். கடைசியில் திராட்சைக் கொட்டையைக் கடித்த கசப்பு. பன்னீர் திராட்சையின் இனிப்பைத் தேடினேன். துளிகூட இல்லை.

"எப்படி இருக்கு?"

"எனக்குப் பிடிக்கல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கசப்பு எதனால வருது, தோலா கொட்டையா?" என்று கேட்டேன். தெரியாது, அண்ணனைக் கேட்க வேண்டும் என்றாள். கேள் என்றேன். கிளாஸை முழுக்கக் குடித்து முடித்தேன்.

பிப்ரவரியில் இரண்டாவது ஆர்டர் வந்தது, பன்னிரண்டு பெட்டி. லாரி வரும் நேரத்துக்கு அவள் லோடிங் பேயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் முதல் பெட்டியைப் பிரித்தேன், ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தக்கையை முகர்ந்தேன். அடி சுத்தமாக இருந்தது.

"இந்தத் தடவை எங்க வைப்பீங்க?"

"உன் தலையில," என்றேன். "சாவியைக் குடு."

கொடுத்தாள். ஆனால் ஒயின் அறை வரைக்கும் கூடவே வந்தாள். கதவில் பதின்மூன்று என்று எரிவதை நான் பார்த்த பிறகு, அவளும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.